ஐந்து நிமிடம் கை வைக்காவிட்டால் வெளியே

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "மேடம், லினக்ஸ்ல சும்மா இருக்கிற யூசரைத் தானா லாகவுட் பண்ணணும். எத்தனை நிமிஷம் வைக்கலாம்? அஞ்சா, பத்தா, பதினஞ்சா?" கேட்பவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் சர்வரைக் கட்டி மேய்க்கிறவர்கள். "நம்பரை என்கிட்ட கேக்காதே. சீட்டுல இருக்கிறவங்க எழுந்து எங்க போறாங்கன்னு போய்ப் பாத்துட்டு வந்து பேசு" என்று சொல்லி வைத்துவிடுவேன். ஸ்டெல்லா மேடத்துக்கு ரிட்டயர் ஆகியும் கொழுப்பு அடங்கவில்லை என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. பேசட்டும். போன வாரம் ஒருத்தன் மட்டும், "இதுக்குப் போய் ஏன் மேடம் இவ்ளோ கோவம்?" என்று நேராகவே கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகிறீர்கள். பிறகு அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறீர்கள். வருகிறவர் போகிறவர் யார் உட்கார்ந்து எதைத் தட்டினாலும் அது உங்கள் பெயரில்தான் பதிவாகும். நல்லதும் உங்கள் தலையில், கெட்டதும் உங்கள் தலையில். ஆகவே, இத்தனை நேரம் யாரும் கை வைக்கவில்லை என்றால் ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்து என்று சர்வரிடம் சொல்லிவைக்கலாம். இதைச் சொல்லிவைப்பதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

என் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஊழியர். ஊர் நாகர்கோவில் பக்கம். நாங்கள் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். டைப்ரைட்டிங், ஒரு டிப்ளமா, பிறகு எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டேட்டா என்ட்ரி. லாரி எஞ்சினுக்குப் புஷ் செய்கிற இடம் அது. புஷ் என்றால் நடுவே ஓட்டை உள்ள கனமான இரும்பு உருளை, கைக்குள் அடங்கும். அங்கே சர்வர் வந்தபோது அதைத் தொட ஆண்பிள்ளைகள் எல்லோரும் பயந்தார்கள், நான் தொட்டேன். தொட்டதால் என் தலையில் கட்டினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அதே சர்வர் அறை, அதே ஏ.சி. குளிர், அதே சளி.

என் மேலதிகாரி தட்சிணாமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. மனிதர் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. டீ கொண்டுவருகிறவரும் அவருக்கு 'நீங்க'தான். சர்வரில் ஒரு கட்டளை கொடுப்பதென்றால், தட்டி முடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்து, அதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். "இந்த ஃபோல்டரில் இருக்கிற பழைய கோப்புகளை அழி, உள்ளே இருக்கிற ஃபோல்டர்களைத் தொடாதே" என்று பரீட்சைப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். சரி என்று தலையசைத்தால்தான் எண்டர். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஒப்பிக்கும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அழிக்கக் கிளம்பியது நடப்பு மாதத்துக் கணக்கு. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன், அதாவது வாயைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன்.

அவருடைய இன்னொரு பழக்கம், நாற்காலியில் உட்கார்ந்தபடி எதற்கும் முடிவு சொல்ல மாட்டார். "வாங்க, நடப்போம்" என்பார். ஷூ கீச்கீச்சென்று சத்தம் போட மெஷின் ஷாப் முழுக்க நடப்போம்.

அந்த வருஷம் எங்களிடம் புஷ் வாங்குகிற கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். ஷாப்பில் ஆள் இல்லாமல் திறந்துகிடந்த ஒரு டெர்மினல் முன் உட்கார்ந்து, நாலு பட்டன் தட்டி, "யாரோட பேர்ல நான் இப்ப உள்ள இருக்கேன்?" என்று கேட்டார். எங்கள் பிளான்ட் மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. சாயங்காலமே உத்தரவு வந்தது: ஐந்து நிமிடம் கை வைக்காவிட்டால் வெளியே. பத்து நிமிடமாவது கொடுங்கள் என்று தட்சிணாமூர்த்தி சார் கேட்டுப் பார்த்தார். "அஞ்சுன்னா அஞ்சு" என்றார் மேனேஜர்.

எங்கள் சர்வரை ஓட்டிய லினக்ஸில் இதற்கென்றே டி.எம்.அவுட் என்று ஒன்று உண்டு. எல்லோருக்கும் பொதுவான அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. முந்நூறு விநாடி என்று எழுதி, யாரும் தங்கள் பக்கத்தில் மாற்றிக்கொள்ள முடியாதபடி பூட்டிவைத்தேன். ஒப்பித்தேன், எண்டர் அடித்தேன், மறுநாள் பார்த்தால் ஒருத்தரும் வெளியேறவில்லை. எல்லாரும் ஜம்மென்று உள்ளேயே இருந்தார்கள். அந்த வரி, கட்டளைக்காகக் காத்திருக்கும் வெறும் திரையில்தான் வேலை செய்யும். எங்கள் ஆட்களோ லாகின் செய்ததும் நேராகப் புஷ் அளவுகளைப் பதிகிற ஆய்வுப் புரோகிராமுக்குள் போய்விடுகிறவர்கள். அதற்குள் இருக்கும்வரை டி.எம்.அவுட் எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே வேறு வழி எடுத்தேன். யார் யார் எவ்வளவு நேரமாக எதையும் தட்டவில்லை என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, ஐந்தைத் தாண்டியவர்களின் புரோகிராமை மூடி ஆளை வெளியே அனுப்புகிற சின்ன ஸ்கிரிப்ட். அது சொன்னபடி கேட்டது. நன்றாகவே கேட்டது.

ஷாப்பில் என் பெயர் நாறிப்போனது. கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிற தனசேகர் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டான். காண்ட்ராக்ட் ஆள், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா மேடம், உன் கம்ப்யூட்டரு இப்டி தொரத்தி தொரத்தி வுடுது? மனுசன் மூத்திரம் பெய்ய போவ வாணாமா?"

"போயிட்டு வந்து திரும்ப லாகின் பண்ணு. விரல் தேஞ்சா போயிடும்?"

"எனுக்கு இன்னா, நான் கம்ப்யூட்டர தொட்றதே கெடையாது. அந்த கஸ்தூரி பொண்ண போய் பாரு. அழுவாத கொறையா குந்திகினு கீது."

கஸ்தூரி தர ஆய்வாளர். மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வருவாள். டிப்ளமா முடித்து, பயிற்சிக் காலம் முடிகிற மாதம் அது. நிரந்தரம் ஆகிவிட்டால் ஆச்சு, இல்லையென்றால் வீட்டுக்கு. அவள் வீட்டில் வேலை என்று போய்வருவது அவள் ஒருத்திதான். பேச மாட்டாள், சிரிப்பாள். நான் அவளைப் போய்ப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் தினமும் நாலு பேர் வந்து சர்வரைத் திட்டிவிட்டுப் போகிற நாட்கள் அவை, யாரைத்தான் போய்ப் பார்ப்பது?

கொஞ்ச நாளில் புகார்கள் அடங்கிவிட்டன. பழகிவிட்டார்கள் என்று எல்லோருமே நினைத்தோம்.

பிறகு வந்தது அந்தச் சனியன். வானகரத்தில் வாடிக்கையாளரின் கோடவுனுக்குப் போன சரக்கில் அளவு மீறிய புஷ்கள் இருப்பதாகத் தகவல். எஞ்சினில் ஏறுவதற்குள் அவர்களே பிடித்துவிட்டார்கள், அந்த மட்டும் புண்ணியம். பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு முற்பகலில், ஆய்வுக்காக வரிசையில் காத்திருந்த லாட்கள், அதாவது ஒரே தடவையில் செய்த புஷ் தொகுதிகள், அத்தனையும் 'ஏற்பு' ஆகியிருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில், கண் இமைக்கும் பொழுதில். பெயர், கஸ்தூரி.

"மனுஷக் கையால இந்த வேகத்துல அடிக்க முடியாது சார்" என்றேன் பிளான்ட் மேனேஜரிடம்.

"எண்டரை அழுத்திப் பிடிச்சா முடியுமே? அளக்கச் சோம்பேறித்தனம், மொத்தமாத் தள்ளி விட்டிருக்காங்க. லாகின் யாரோடது?"

அவர் சொன்னதும் தப்பில்லை. எங்கள் புரோகிராமில் 'ஏற்கலாமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்பது முன்கூட்டியே நிரப்பி இருக்கும். அளவு பதியாமல் எண்டர் தட்டினால்கூட ஏற்பு, அடுத்த லாட் வந்து நிற்கும். கஸ்தூரி, தான் அப்போது அளவீட்டு அறையில் இருந்ததாகச் சொன்னாள். சாட்சி இல்லை. திரும்பி வந்தபோது வரிசை காலியாக இருந்ததாம். அவள் தாமதித்தால் சூப்பர்வைசர் லாட்களை வேறு டெர்மினலுக்கு மாற்றுவது வழக்கம், அப்படித்தான் என்று நினைத்தாளாம். யாரும் நம்பவில்லை. விசாரணை முடியும்வரை அவள் லாகினை முடக்கச் சொன்னார்கள். முடக்கினேன். அவளுடைய நிரந்தர உத்தரவும் நின்றுபோனது.

"வாங்க, நடப்போம்" என்றார் தட்சிணாமூர்த்தி சார்.

ஷாப்புக்குள் நுழைந்து மூன்றாவது டெர்மினலில் நின்றேன். ஆள் இல்லை. கீபோர்டில் ஸ்பேஸ் பட்டன் மேல் ஒரு புஷ் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. அடுத்த டெர்மினலிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். எங்கள் ஷூ சத்தம் கேட்டு ஓடிவந்த ஒருத்தன் வெடுக்கென்று அதை எடுத்துக்கொண்டான்.

"என்னப்பா அது?"

"பேப்பர் வெயிட்டு மேடம்."

"ஏன், ஃபேன் காத்துல கீபோர்டு பறந்துபோகுதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பழகிவிட்டார்கள் என்று நினைத்தோமே, நன்றாகப் பழகியிருக்கிறார்கள்! ஸ்பேஸ் அழுந்திக்கொண்டே இருந்தால் என் ஸ்கிரிப்டின் கணக்கில் யாரோ ஓயாமல் வேலை செய்கிறார்கள். அந்தத் திரையில் ஸ்பேஸுக்கு வேலை எதுவும் கிடையாது, அதனால் ஒரு சேதமும் இல்லை. ஆனால் அதே புஷ் ஸ்பேஸுக்குப் பதில் எண்டர் மேல் நின்றிருந்தால்? நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மேனேஜரிடம் சொன்னோம். அவர் அசையவில்லை. "சரி, அப்படியே இருக்கட்டும். அவங்க வைக்கலேன்னா வேற யார் வெச்சது? பேரைச் சொல்லச் சொல்லுங்க. இல்லேன்னா அவங்கதான்."

கஸ்தூரியைக் கேன்டீனுக்கு இழுத்துப் போய் உட்காரவைத்தேன். நான் எண்டர் என்றதுமே அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரிந்திருக்கிறது.

"யாருடி?"

"தெரியாது மேடம்."

"பொய் சொல்லாதே. உன் வேலை போகப்போகுது, புரியுதா? இந்த மாசத்தோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எனக்கு உதவின்னு நெனச்சுத்தான் மேடம் வெச்சாங்க. நான் ஒரே லாட்டை ரெண்டு மூணு வாட்டி அடிக்கிறதைப் பாத்துப் பாவப்பட்டு. என் லாகினை முடக்கின மறுநாளே வந்து சொல்லி அழுதாங்க. நான்தான் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்கன்னேன். என்னையாவது கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. அவங்களைக் கேட்லயே நிறுத்திடுவாங்க."

கேட்டில் நிறுத்துவது என்றால் காண்ட்ராக்ட் ஆள். எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் சொல்லிடாதீங்க மேடம்" என்றாள். இந்த வயசில் இவ்வளவு பிடிவாதமா என்று திட்டினேன். திட்டிக்கொண்டே எனக்குக் கண் கலங்கியது.

தட்சிணாமூர்த்தி சாரிடம் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் பெயரைக் கேட்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய், "சார், யார் வெச்சதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு லாட் நீங்க பாத்துக் கொடுங்க. கஸ்தூரி டெர்மினல்ல, உங்க சொந்த லாகின்ல" என்றார்.

மேனேஜரும் ஒரு காலத்தில் ஆய்வாளராக இருந்து மேலே வந்தவர். "எனக்கே இன்ஸ்பெக்ஷன் சொல்லித் தர்றீங்களா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். ஷாப்பே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. கஸ்தூரி ஒரு தூணோரமாக நின்றாள்.

அவர் லாட் எண், மெஷின் எண், இரும்பின் வார்ப்பு எண் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டினார். கிரைண்டிங்கிலிருந்து மாதிரிப் புஷ்களை எடுத்தார். அப்போதுதான் அரைத்து வந்ததால் கையில் சுட்டது. சுடும்போது அளந்தால் அளவு தப்பாகக் காட்டும், இரும்பு விரிந்திருக்கும். ஆகவே குளிரூட்டிய அளவீட்டு அறைக்குக் கொண்டுபோய் ஆறவைத்து, ஆறியதும் அளந்து, அளவுகளைக் கையோடு வந்து பதிய வேண்டும். ஆறுவதற்கு எந்த மேனேஜருக்காகவும் இரும்பு அவசரப்படாது. அளந்துவிட்டுத் திரும்பி வந்தார். திரையில் லாகின் கேட்டு நின்றது.

"எங்க நான் போட்டதெல்லாம்?"

"அஞ்சு நிமிஷம் கை வைக்கலை சார். வெளியே அனுப்பிடுச்சு" என்றேன்.

"என்னங்க பேசறீங்க? நான் சும்மாவா இருந்தேன்? வேலைதானே பாத்துக்கிட்டிருந்தேன்!"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்து மறுபடி எல்லாவற்றையும் தட்டினார். இரண்டாவது புஷ்ஷின் அளவில் ஒரு சந்தேகம். திரும்ப அளக்கப் போனார். அங்கே அளக்கிற கருவியில், அதாவது கேஜில், வேறு ஒருத்தர் இருந்தார், காத்திருந்தார், வந்தார். மறுபடி லாகின். நெற்றியில் வியர்வை. மூன்றாவது தடவையும் எல்லாவற்றையும் தட்டி முடித்தார். அடுத்த புஷ்ஷை அளக்க எழுந்தார். நின்றார். பக்கத்து டிரேயைப் பார்த்தார். ஒரு புஷ்ஷை எடுத்தார்.

பிளான்ட் மேனேஜரே! புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கீபோர்டின் மேல் ஒரு கணம் யோசித்தார். பிறகு கை வலது பக்கம், பெரிய பட்டனாகப் பார்த்துப் போனது.

"சார்! சார்! அங்க வெக்காதே சார்! எண்டர் சார் அது! நானும் தெரியாம அதுலதான் வெச்சி..."

தனசேகர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டவன், பாதியில் நின்றுவிட்டான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

மேனேஜர் புஷ்ஷை மெதுவாக டிரேயில் வைத்தார். "நீயா?"

"நான்தான் சார். மத்தவங்க வெக்கிறத பாத்துகீறேன், எந்த பட்டன்னு தெரியாது. பாவம், அந்த பொண்ணு அட்ச்சதையே அட்ச்சிகினு கெடந்துச்சு. அது திரும்பி வர்றதுக்குள்ள எட்த்துட்டேன். அது மேல ஒரு தப்பும் இல்ல சார். என்ன இன்னா வேணா பண்ணிக்கோ."

"நான்தான் சார் சொல்ல வேணாம்னு தடுத்தேன்" என்று தூணோரத்திலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மேனேஜர் கீபோர்டை ஓரமாகத் தள்ளினார். "இந்த அஞ்சு நிமிஷத்தை யாருங்க சொன்னது?" என்றார். நான் வாயைத் திறந்தேன். தட்சிணாமூர்த்தி சார் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "ஆமா, நான்தானே" என்று அவரே சொல்லிக்கொண்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

தனசேகரை ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். கேட்டில் நிறுத்தவில்லை. நாங்கள் அந்த வாரமே ஏற்பாட்டை மாற்றினோம். ஆள் கை வைக்காவிட்டால் வேலையை மூடி வெளியே தள்ளுவதில்லை. திரையை மட்டும் பூட்டிவிடும். உள்ளே போட்டதெல்லாம் போட்டபடி இருக்கும், வந்து பாஸ்வேர்டு கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஷிஃப்ட் முடிந்தும் யாராவது பூட்டியபடியே விட்டுப் போனால்தான் முழு வெளியேற்றம். முன்கூட்டியே நிரம்பியிருந்த 'ஆம்' என்பதையும் எடுத்துவிட்டோம். அளவைப் பதிந்து, ஏற்பா நிராகரிப்பா என்று ஆளே தட்டினால்தான் லாட் நகரும். அடுத்த தணிக்கையில் அதே மனிதர் வந்து உட்கார்ந்து பார்த்தார், பூட்டிய திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஸ்பேஸ் மேல் நின்ற புஷ்கள் தாமாகவே காணாமல் போயின. யாரும் பிடுங்கவில்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கஸ்தூரிக்கு அந்த மாதமே நிரந்தரம் ஆனது. இன்று அதே ஷாப்பின் தர ஆய்வு முழுக்க அவள் பொறுப்பில். காண்ட்ராக்டில் இருந்த தனசேகரும் சில வருஷத்தில் கம்பெனி ஆள் ஆனான், வாய் மட்டும் குறையவில்லை.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது, வானகரத்திலிருந்து அந்தச் சரக்கு திரும்பி வந்த நாள். எல்லா லாட்டையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். யாரைப் போடலாம் என்று சூப்பர்வைசர் யோசிக்கும்போதே, "நான் பாக்கிறேன் சார்" என்று கஸ்தூரி கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் போட்ட முடக்கத்தை நானே அவள் பக்கத்தில் நின்று எடுத்துவிட்டேன். அவள் லாகின் செய்தாள். புஷ்களைக் குளிர் அறைக்குக் கொண்டுபோனாள், காத்திருந்தாள், அளந்தாள், வந்தாள். பூட்டியிருந்த திரை அவள் பாஸ்வேர்டுக்குத் திறந்து, விட்ட இடத்திலேயே நின்றது. நல்ல லாட்கள் ஒவ்வொன்றாக ஏற்பு ஆயின. அளவு மீறிய லாட்டுக்கு வந்தாள். மறுபடி ஒருமுறை போய் அளந்துவிட்டு வந்தாள். திரை கேட்டது. 'நிராகரிப்பு' என்று நிதானமாக எழுத்தெழுத்தாகத் தட்டினாள். கீழே அவள் பெயர் விழுந்தது.

என் பக்கம் திரும்பினாள். "இது நான் அடிச்சது மேடம்" என்றாள்.